எர்ரவாகுக்குப் போன ஞாயிறு

மாதேஸ்வரிக்குத் தன் கணவரின் முகத்தைவிடப் பின்னந்தலைதான் அதிகப் பழக்கம். திம்மராயன் கம்பெனி பஸ் டிரைவர். மத்தூரில் கிளம்பி, வழியில் உள்ள ஊர்களிலெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு, முதல் ஷிஃப்டுக்கு மணி அடிப்பதற்குள் போச்சம்பள்ளி சிப்காட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அதே பஸ்ஸில்தான் அவள் இத்தனை வருஷமும் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தாள். டிரைவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குப் படுவது காக்கிச் சட்டைக் காலர், அதற்கு மேலே ஒட்ட வெட்டிய நரைமுடி, இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். அவ்வளவுதான்.

ஆனி மாதத்திலிருந்து அந்த மச்சம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தது.

இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்து, படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்து முடித்தபோது மாதேஸ்வரிக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் யாரும் நிறுத்தாமல் தானாகவே நின்றுபோயிருந்தது. திம்மராயனின் மனைவி மங்கம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகள் சுவாதி ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிற ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர். அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள். அவள்தான் ஒரு நாள் மாதேஸ்வரியைத் தேடி வந்து, சுற்றி வளைக்காமல், "எங்கப்பாவக் கட்டிக்கறீங்களா?" என்று கேட்டவள்.

கட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். அதுதான் தொந்தரவாக இருந்தது. திம்மராயன் அவளை 'நீ' என்றும் கூப்பிடவில்லை, 'நீங்க' என்றும் கூப்பிடவில்லை. "சாப்பாடு ஆச்சா?", "லைட்ட அணைச்சிரலாமா?" என்று ஆளே இல்லாமல் பேசிப் பழகிக்கொண்டார். ஒரு விடியற்காலை அரைத் தூக்கத்தில் மட்டும், "ஏறுங்கம்மா, உள்ள போங்க, உள்ள எடம் இருக்குது" என்றார். மாதேஸ்வரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யும் அளவுக்கு இன்னும் உரிமை வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

கம்பெனியில் அவள் பக்கத்து மெஷினில் தைக்கும் ரஞ்சிதா பர்கூர்க்காரி. அவள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாள். செக்கச் செவேலென்று மண் சுவர்கள். நடுவில் வற்றிய ஓடை. அதில் நடந்துபோய் ஒரு பாறை முனையில் ஏறி நின்றால் கீழே ஊர் ஊராக விரிந்து கிடந்தது. ராஜஸ்தானா என்று கேட்டாள் மாதேஸ்வரி. "ராஜஸ்தானும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. பர்கூர் தாண்டி ஆந்திரா பார்டர்ல எர்ரவாகு, தெலுங்குல செவப்பு ஓடைன்னு அர்த்தம். பெங்களூருப் பசங்கல்லாம் இப்ப வந்து ஏறுறாங்க. நாங்க அங்க ஆடுதான் மேய்ச்சோம்" என்றாள் ரஞ்சிதா.

அன்று இரவு சோறு போடும்போது மாதேஸ்வரி கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம எங்கனா போலாமாங்க?"

"எங்க?"

அவள் சொன்னாள்.

"அங்க என்னா சாமி?"

"சாமியெல்லாம் இல்லீங்க."

"சாமி இல்லாத மலைக்கு எதுக்கு ஏறணும்?"

"பாக்கறதுக்கு."

"என்னாத்த?"

"அதான்... மேல நின்னு கீழ இருக்கறத."

திம்மராயன் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். வேண்டாம் என்பதற்கு ஏதோ மெதுவான வார்த்தை தேடுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"சரி, போலாம்" என்றார்.

*

புரட்டாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. புளிசாதமும் தண்ணீர் பாட்டில்களும் ஒரு தோள்பையில். மாதேஸ்வரி சுடிதார் போட்டு, துப்பட்டாவை ஒரு பக்கமாக முடிந்துகொண்டாள். பர்கூர் தாண்டி, கருங்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு முக்கி முனகிப் போகும் லாரிகளைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் ரோட்டில் பைக் இறங்கியது. ரோடு ஒரு புளியமரத்தோடு முடிந்துவிட்டது.

மரத்தடியில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திம்மராயன் அவளிடம் தெலுங்கில் வழி கேட்டார். கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பு குப்பம், பலமனேர்ப் பக்கம் லாரி ஓட்டியவர் என்று மாதேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் தெலுங்கில் அவர் வேறு ஆளாக இருப்பார் என்பது தெரியாது. கையை ஆட்டினார், ஏதோ சொன்னார், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இவரும் சிரித்தார்.

"என்னா சொல்லிச்சு அது?" என்று கேட்டாள் மாதேஸ்வரி, நடக்கத் தொடங்கியதும்.

"பொண்டாட்டியா, இல்ல இழுத்துனு ஓடறியான்னுது."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஓடற வயசெல்லாம் போயிருச்சு, நடந்துதான் போறோம்னன்."

அவள் சிரித்துக்கொண்டே ஓடையில் இறங்கினாள். இதைத் தமிழிலேயே பேசினால் என்ன என்று கேட்கத் தோன்றியது.

ஓடை மணல் சுட்டது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர்கள் மழை அரித்து அரித்துத் திரைச்சீலை மடிப்பு மாதிரி நின்றன. சில இடங்களில் தனித்தனித் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு சின்னக் கல். கல் இருந்த இடத்தில் மட்டும் மண் கரையாமல் நின்றிருக்கிறது என்று திம்மராயன் உற்றுப் பார்த்துச் சொன்னார். சுவர்களில் செம்மண்ணுக்கு நடுவே சுண்ணாம்பு வெள்ளையில் கோடுகள். ஒரு புல் கிடையாது. மேலே விளிம்பில் மட்டும் வேலிக்காத்தானும், அங்கங்கே ஆவாரம்பூவும். போகப் போகச் சுவர்கள் நெருங்கின. வானம் ஒரு ரோட்டு அகலத்துக்குக் குறுகியது. காற்று நின்றுவிட்டது. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கிளை பிரியும் இடத்தில் தப்பான கிளைக்குள் போய், சுவர் மறித்துத் திரும்பினார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவரைப் போலத் திம்மராயன் எரிச்சலில்லாமல் திரும்பி நடந்தார். வழியில் ஒரு சரிவில் சீத்தாச் செடிகள் காய்த்துத் தொங்கின. கண் விட்டுப் பழுத்தவையாகப் பார்த்து அவர் பறித்துக் கொடுக்க, அவள் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்காத இடத்தில் புருஷனோடு நடப்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். பஸ்ஸில் அவர் எப்போதும் முன்னால். வீட்டில் அவள் அடுப்படியில், அவர் டிவி முன்னால். இங்கே பக்கத்தில் பக்கத்தில் நடக்க மட்டும்தான் இடமிருந்தது.

ஓடையை விட்டு ஏறுகிற ஒற்றையடிப் பாதை பாறையில் முடிந்தது. கடைசி ஏற்றத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஏறி முடித்தால், சப்பைப் பாறை ஒன்று வெளியில் நாக்கை நீட்டினாற்போல நின்றது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. வெறும் காற்று.

மாதேஸ்வரி நேராக முனைக்குப் போனாள். பாதி தூரத்தில், கூட யாரும் வரவில்லை என்று உணர்ந்து திரும்பினாள். திம்மராயன் பாறை தொடங்கும் இடத்திலேயே இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குந்தியிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னாங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. ஒசரம்னா எனக்கு ஆவாது."

"அய்யய்ய! முன்னாடியே சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா வந்திருக்க முடியாதே."

"திரும்பிரலாமா?" என்றாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "பாக்கத்தானே வந்தது. பாத்துட்டு வா... வரட்டும். நான் இங்க இருக்கறன்." பிறகு, அவள் நகர்வதற்குள், அவர் கை நீண்டு அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

அந்த மெல்லிய துணியால் ஓர் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அந்தத் துணி எட்டும் தூரம்வரை போனாள். எட்டாத கடைசி இரண்டு அடிக்கு, அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து வந்தார்.

கீழே எர்ரவாகு முழுவதும் தெரிந்தது. அவர்கள் வழி தப்பிய கிளைகள்கூட. அதற்கப்பால் மாந்தோப்புகள், வெள்ளை வெள்ளையாக வெட்டிய குவாரிகள், ஹைவேயில் எறும்பாக லாரிகள். காற்று அவள் முடியைக் கலைத்தது. பின்னால் துணி லேசாக இழுபட்டுக்கொண்டே இருந்தது. வீடியோவில் பார்த்ததை விட இது பெரியதாகவும் இருந்தது, சத்தமில்லாததாகவும் இருந்தது. அழுகை வருகிற மாதிரி வந்து, வராமல் போயிற்று.

*

திரும்பும்போது ஓடையில் பாதித் தூரம் வந்திருப்பார்கள். மேலே வெயில் அப்படியேதான் இருந்தது. தூரத்தில் மட்டும், ஆந்திரா பக்கத்து மலைகளுக்கு மேலே, வானம் கறுத்திருந்ததை இருவரும் பார்த்தார்கள். அங்கே பெய்தால் நமக்கென்ன என்று நினைத்தார்கள்.

திம்மராயன் நின்றார். "லாரி ஒண்ணு வருது. லோடு வண்டி. ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுது."

"இங்க ஏதுங்க ரோடு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வளைவுக்குப் பின்னாலிருந்து நுரையும் சுள்ளிகளும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுமாக, கணுக்கால் உயரத்துக்குச் சிவப்புத் தண்ணீர், அவசரமே இல்லாமல் மணலை நக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் அந்த லாரிச் சத்தம்.

"ஏறு! மாதேசு, மேல ஏறு!"

அவர் கத்தினார். அவள் பிடித்த மண் கையோடு வந்தது. அவர் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கித் தள்ளினார். அவள் ஒரு வேரைப் பிடித்து ஏறி, திரும்பிப் படுத்துக் கையை நீட்டினாள். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. முழங்கால்வரை தண்ணீரில் நின்றவரைச் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள். ஒரு மாடி உயரத்தில், பஸ்ஸில் இரண்டு பேர் சீட் எவ்வளவு அகலமோ அவ்வளவே அகலத்தில், சுவரில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. இருவரும் தவழ்ந்து ஏறி அதில் போய் ஒண்டியபோது, கீழே அவர்கள் நடந்துவந்த பாதை முழுவதும் குழம்பாகச் சுழன்று போய்க்கொண்டிருந்தது. மேலே ஏற வழியில்லை. தொட்டால் மண் உதிர்ந்தது.

ஆபத்து தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் திம்மராயன் கீழே பார்த்தார். உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது.

"இப்படித் திரும்புங்க" என்றாள் மாதேஸ்வரி. "தண்ணியப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. என் மொகத்த மட்டும் பாருங்க."

அவர் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில், அவர் அவளை இதற்குமுன் பார்த்ததே இல்லை. அவளுக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. ஆனால் முகத்தைத் திருப்பினால் அவர் கண் கீழே போய்விடும்.

"ஏதாவது பேசுங்க."

"என்னா பேசறது?"

அவள் யோசித்தாள். வேறு எப்போதும் கேட்டிருக்க மாட்டாள். "பஸ்ல என்ன எப்ப மொதமொதல்ல பாத்தீங்க?"

"தெரியல. எல்லாரோடயும் சேத்துத்தான்."

"பொய்யி."

"தனியாப் பாத்தது... அப்பாவுக்கு ஒடம்பு முடியாம இருந்துச்சே, அப்ப. தெனமும் ஓடி வரும். ஒரு கையில டிபன் டப்பா, இன்னொரு கையில சீப்பு."

"நீ ஓடி வருவன்னு சொல்லுங்க."

"நீ ஓடி வருவ" என்றார் அவர், பாடம் ஒப்பிக்கிற பையன்போல.

"நான் ஒண்ணு சொல்றன், கோச்சுக்கக் கூடாது. ஒரு நாளு நான் வேணும்னே லேட்டா வந்தன். ஸ்டாப்புல புளியமரத்துக்குப் பின்னால நின்னுகினு, பஸ்ஸு போயிருதான்னு பாத்துகினு இருந்தன்."

"போச்சா?"

"போவல. நீங்க கீழ எறங்கி டயரத் தட்டித் தட்டிப் பாத்துகினு இருந்தீங்க. உள்ள எல்லாம் கத்துனாங்க, நேரமாச்சு எடுங்கன்னு. காத்து கம்மியா இருக்குதுன்னு சொன்னீங்க."

"டயரு நல்லாத்தான் இருந்துது" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பு எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவருக்கும் உதறல் கொஞ்சம் நின்றிருந்தது. பையிலிருந்து சீத்தாப்பழத்தை எடுத்துப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். கொட்டைகளை இருவரும் வெள்ளத்தில் துப்பினார்கள்.

இரண்டாவது பழம் முடிகிற சமயம், அவர் தானாகவே பேசினார்.

"மங்கம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டா, எங்கனா போலாம்னு. ஒகேனக்கல்லு. இதோ இருக்குது, இங்க இருந்து எவ்வளவு தூரம்? அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கலாம்னன். அடுத்த ஞாயித்துக்கெழமைக்கும் அப்படியே சொன்னன். அப்பறம் அவளுக்கு முடியாமப் போயிருச்சு." கையில் ஒட்டியிருந்த சதையை அவர் மண் சுவரில் துடைத்தார். "அன்னிக்கி நீ கேட்டதும் எனக்கு அதான் நெனப்புக்கு வந்துச்சு. ஒசரமோ பள்ளமோ, இனிமே யாரு கேட்டாலும் போயிரணும்னு."

மாதேஸ்வரிக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். பெரிய மூக்குத்தி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். பொறாமை வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தவளின் மேல் ஒரு பிரியம்தான் வந்தது.

"ஒகேனக்கல்லுக்குப் போலாம்" என்றாள். "சுவாதியையும் கூப்பிட்டுக்கலாம். மூணு பேரும் போயிட்டு வருவோம்."

அவர் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைப்பதற்கு அந்தத் திட்டில் திரும்ப இடமில்லை. அவள் அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மண்ணும் வேர்வையும் சீத்தாப்பழமும் கலந்த வாசனை அடித்தது. அப்படியே இருந்தார்கள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

வெயில் சாயும்போது சத்தம் குறைந்தது. பிறகு மணல் திட்டுகள் தலை காட்டின. தண்ணீர் வந்த வேகத்துக்கு அது போன வேகமும் ஒன்றும் குறைவில்லை. முதலில் அவர் இறங்கினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கால இங்க வைங்க, இன்னும் கொஞ்சம் கீழ, ஆ, அங்கதான்" என்று அவள் மேலிருந்து சொல்லச் சொல்ல இறங்கி, கீழே நின்று அவளை வாங்கிக்கொண்டார். செருப்பு போன அவள் காலுக்கு, வெயிலுக்காகத் தன் தலையில் கட்டியிருந்த துண்டைச் சுற்றி முடிந்தார். முழங்கால் சேற்றில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு கொம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து நடந்தார்கள். ஒரு தடவை அவள் வழுக்கி அவரையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழ முடியாமல் சிரித்தார்கள்.

பர்கூர் ஹைவேயில் ஒரு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தியபோது விளக்கு போட்டிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக நின்ற இருவரையும் பார்த்து, டீக்கடைக்காரர் பதறிப்போய், "வண்டில விழுந்துட்டீங்களா?" என்றார். "இல்லண்ணா, சுத்திப் பாக்கப் போனோம்" என்றாள் மாதேஸ்வரி.

சிக்னல் வந்ததும் ஃபோன் அலறத் தொடங்கியது. சுவாதி.

"எங்கப்பா போனீங்க ரெண்டு பேரும்? காலையில இருந்து அடிக்கறன்! சித்தி எங்க?"

"இங்கதான் இருக்குது. டீ குடிக்குது. நீ கேளு..." என்று ஆரம்பித்தார் திம்மராயன்.

சுவாதியோடு அவர் பேசுவதெல்லாம் வழக்கமாகச் சாப்பிட்டியா, தூங்கினியா என்ற அளவில் முடிந்துவிடும். இன்று டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். தூண்களைச் சொன்னார், தலையில் கல் வைத்த தூண்கள். வழி தப்பியதைச் சொன்னார். லாரி என்று நினைத்ததைச் சொன்னார். பிறகு பாறை முனைக்கு வந்தார்.

"மேல இருந்து எல்லாம் தெரியுது சாமி. அந்தாண்ட குப்பம் லைன்ல ஒரு ரயிலு போச்சு, புழுவாட்டம். உங்க சித்தி அந்த முனையில போயி நிக்கறா, காத்துல முடியெல்லாம் பறக்குது, கொஞ்சம்கூடப் பயமே இல்ல அவளுக்கு. ஒரு கைய இப்படி இடுப்புல வச்சிகினு..."

மாதேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ரயிலை அவள் பார்க்கவே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகத்தான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

அவர் பேச்சு இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. அவர் கையில் டீ ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதை மெதுவாக வாங்கி, தானே குடித்துவிட்டு, சூடாக இன்னொன்று போடச் சொன்னாள்.